வேகமா, அடர்த்தியா: காட்டு வான்கோழி வேட்டையில் ரவைத் தேர்வு

அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டைக்குத் தோட்டா வாங்குவோரில் பலர் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். விநாடிக்கு 1,100 அடியைவிட 1,300 அடி மேல் என்பது அவர்கள் நம்பிக்கை. இதற்கு வலுவூட்டியது நீர்ப்பறவை வேட்டை என்றே கருதுகிறேன். 1991 முதல் அந்நாடெங்கும் வாத்து வேட்டையில் ஈய ரவைக்குத் தடை வந்தது. எஃகு ரவை பரவலாயிற்று. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகுக்கோ 7.8 தான். அந்தக் குறையை ஈடுகட்ட ரவையைப் பருமனாக்கினார்கள், வேகத்தையும் கூட்டினார்கள். பறக்கும் இலக்குக்கு அது பொருந்தும். வான்கோழியோ பெட்டையின் குரலைப் போலி செய்யும் வேட்டைக்காரரை நோக்கி நடந்து வருகிற பறவை. பெரும்பாலும் 40 கஜத்துக்குள் நின்ற நிலையில் சுடப்படுவது.

அதன் தலையையும் கழுத்தையும் மட்டுமே குறிவைக்க வேண்டும். அடர்ந்த இறகும் மார்புத் தசையும் சிறகெலும்பும் ரவையைத் தடுத்துவிடுவதால், உடலில் அடிபட்ட பறவை ஓடி ஒளிந்து வெகுநேரம் துன்புற்றுச் சாகக்கூடும். எனவே இரண்டைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு ரவையும் மூளையையோ கழுத்தெலும்பையோ எட்டுமா? அத்தனை சிறிய இடத்தில் போதிய ரவைகள் விழுமா? 40 கஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை என்பது வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

வேகம் இவ்விரண்டுக்கும் தருவது சொற்பம். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. ஒலியின் வேகமான ஏறத்தாழ 1,125 அடியை நெருங்கிக் கடக்கையில் தடைக்கெழுவும் கூடுகிறது. குழல்வாயில் 200 அடி மிகுதியோடு புறப்படும் ஈய ரவை, 40 கஜம் சேர்வதற்குள் அந்த மிகுதியில் பாதிக்கு மேல் இழந்துவிடும். தோட்டாவின் அழுத்தத்துக்கும் தோளில் விழும் உதைப்புக்கும் வரம்புண்டு. ஆகவே வேகத்தைக் கூட்டினால் எடையைக் குறைத்தாக வேண்டும். 6ஆம் எண் ஈய ரவை அவுன்ஸுக்குச் சுமார் 225. கால் அவுன்ஸ் விட்டுக்கொடுத்தால் 56 ரவை போய்விடும். கடுமையாக உந்தப்படும் மென்மையான ஈயம் உருக்குலைந்து பரவலிலிருந்து விலகிப்போவதும் உண்டு.

ரவையின் ஊடுருவலை, சேரும் வேகத்தோடு அதன் அடர்த்தி, விட்டம் ஆகியவற்றின் பெருக்கலும் தீர்மானிக்கிறது. இங்குதான் டங்ஸ்டன் கலப்பு ரவை பழைய கணக்கை மாற்றுகிறது. அதன் அடர்த்தி சுமார் 18. அதில் 9ஆம் எண் ரவையின் விட்டம் 2.03 மில்லிமீட்டர், பெருக்கினால் 36.5. கடினப்படுத்திய ஈயத்தின் அடர்த்தியை 11.1 என்று கொண்டால், 3.30 மில்லிமீட்டர் விட்டமுள்ள 4ஆம் எண் ஈய ரவைக்கும் ஏறத்தாழ அதே 36.6 தான். ஆனால் அவுன்ஸுக்கு ஈயம் 135, டங்ஸ்டன் ஏறத்தாழ 360. தனி ரவையின் எடை மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தானே, அடியின் வலு குறையாதா என்று கேட்பார்கள். முகப்புப் பரப்பும் அதே விகிதத்தில் குறைவதால், சமவேகத்தில் பரப்பலகுக்குரிய ஆற்றல் மாறுவதில்லை. ரவையின் எடையை மட்டும் வைத்து அதன் வலுவை அளப்பது தவறு.

ஈயத்தோடு நிற்பவருக்கு, அவுன்ஸுக்கு 170 ரவை கொண்ட 5ஆம் எண்ணை, எடை மிகுந்து வேகம் குறைந்த தோட்டாவில் பரிந்துரைப்பேன். டங்ஸ்டனுக்கு 1,100 அடியே தாராளம். அதை நம்பி 60 கஜத்தில் சுடுவதை நான் ஏற்கவில்லை. அத்தொலைவில் ரவை ஊடுருவலாம். ஆனால் பரவல் விரிந்து இடைவெளிகள் விழுகின்றன, காட்டுக்குள் தூரத்தைக் கண்ணால் மதிப்பதும் பிசகுகிறது. கூடுதல் அடர்த்தியால் கிடைக்கும் ஆதாயத்தை 20 போர், .410 போன்ற சிறு துப்பாக்கிகளில் செலவிடுவதே முறை. 12 போரின் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிச் சுடும் இளைய வேட்டைக்காரரால் அவற்றைக்கொண்டு 30 கஜத்தில் கழுத்தைத் தவறாமல் குறிபார்க்க முடியும்.