மீனுக்கு ஊசி போட்ட கதை

மீனுக்குத் தடுப்பூசி போடுவாங்கன்னு சொன்னா நம்புவீங்களா? நார்வேயில் போடுறாங்க. பண்ணை சால்மன் குஞ்சுகளைக் கடலில் விடுறதுக்கு முன்னாடி மயக்க மருந்து கொடுத்து, ஒவ்வொண்ணுக்கும் வயித்துல ஒரு குத்து. அந்த ஊசி அங்கே வந்து சேர்ந்தது ஒரு சுவாரசியமான வரலாறு.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் உயிரியல் (பன்னிரண்டாம் வகுப்போட கும்பிடு போட்ட ஆசாமி நான், பொறுத்துக்குங்க :-)). மீன் வாழ்வதே பாக்டீரியா மிதக்கிற தண்ணீரில். அதனால் அதன் ரத்தத்தில் 'காம்ப்ளிமென்ட்' என்கிற புரதக் கூட்டம் எப்பவும் ரோந்து சுத்தும். பாக்டீரியாவின் மேல்சுவரில் ஒட்டி ஓட்டை போடுவது இதன் வேலை. கடுங்குளிரிலும் செய்யும். இது பொதுக்காவல். அடுத்தது ஆள் பார்த்துப் பிடிக்கிற ஆன்டிபாடி. நம்ம கம்ப்யூட்டர் ஆன்டிவைரஸ் மாதிரி, கிருமியின் அடையாளம் முன்னமே பதிவாகியிருந்தால் சீக்கிரம் பிடிக்கும். செத்த கிருமியைக் காட்டி அந்த அடையாளத்தைப் பதிய வைப்பதுதான் தடுப்பூசி.

1942லேயே கனடாவில் டஃப் என்பவர் இதைச் செய்து பார்த்தார். கொன்ற பாக்டீரியாவைத் தீனியில் கலந்து ட்ரவுட் மீன்களுக்குக் கொடுத்தார். பிறகு ஃபுருங்குலோசிஸ் என்கிற கொப்புள நோயைத் தொற்ற வைத்தபோது, மருந்து தின்னாத மீன்களில் 75 சதவீதம் செத்தன. தின்றவற்றில் 25 சதவீதம்தான்.

அப்புறம்? சல்ஃபா மருந்துகளும் ஆன்டிபயாடிக்குகளும் வந்துவிட்டன. தீனியில் கொட்டினால் வேலை முடிந்தது. தடுப்பூசி யோசனை பரணுக்குப் போனது. அமெரிக்காவில் முதல் வணிக மீன் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்ததே 1976ல்தான்.

நார்வே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1970களின் கடைசியில் ஹிட்ரா தீவுப் பக்கம் ஒரு பாக்டீரியா நோய். 1985ல் ஸ்காட்லாந்திலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு ஃபுருங்குலோசிஸும் வந்து இறங்கியது. 1987ல் மீன்பண்ணைகள் செலவழித்த ஆன்டிபயாடிக் கிட்டத்தட்ட 50 டன்! அதாவது ஒரு டன் மீனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மருந்து.

ஹிட்ரா நோய்க்கு 80களின் இறுதியில் தடுப்பூசி வந்தது. 90களின் தொடக்கத்தில், எண்ணெயில் கலந்த ஊசி ஃபுருங்குலோசிஸை அடக்கியது. 90களின் நடுவிலேயே மருந்து 2 டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. பின்னாளில் உற்பத்தி 10 லட்சம் டன்னைத் தாண்டியபோதும் அது திரும்ப ஏறவில்லை.

இதில் ஒரு அழகான கணக்கு உண்டு. குளிர்ந்த நீரில் மீன் ஆன்டிபாடி செய்ய நாளாகும். அதனால் காத்திருப்பை 'டிகிரி-நாள்' என்று அளக்கிறார்கள். 500 டிகிரி-நாள் என்றால் 10 டிகிரி நீரில் 50 நாள், 5 டிகிரியில் 100 நாள்.

ஊசி சர்வரோக நிவாரணி இல்லை. வயிற்றுக்குள் உறுப்புகள் ஒட்டிக்கொள்வது அதன் பக்கவிளைவு. கடல் பேன் தொல்லைக்கும் அது உதவாது. ஆனால் தண்ணீரில் கொட்டிய ஆன்டிபயாடிக் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவை வளர்க்கும்; அதே ரக மருந்துகளைத்தான் நாமும் நம்பியிருக்கிறோம். 1942ல் தெரிந்த வழி அரை நூற்றாண்டு தூங்கினதுக்குப் பெரிய காரணம், மருந்து கைக்கெட்டும் தூரத்தில், சுலபமாக இருந்ததுதான். சுலபமா இருக்கிறதே சில சமயம் பெரிய வியாதிங்க.