பலகையில் ஏறாத பெயர்

பொங்கல் லீவுக்கு எட்டியாந்தோட்டைப் பக்கம் அம்மாயி வீட்டுக்குப் போனப்ப, கண்ணில் பட்ட பலகைகளையெல்லாம் போன்ல எடுத்துத் தள்ளினேன். பஸ் போர்டு, சலூன், ரப்பர் ஸ்டோர், லயத்துச் சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கின பெயர். ஏன் எடுத்தேன்னு கேட்டா அப்ப பதில் இல்லை. 1930களில் வாக்கர் எவன்ஸ் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கடைப் பலகைகளை இப்படித் தேடித் தேடி எடுத்திருக்கிறார் என்பதே பிறகுதான் தெரியும்.

ராத்திரி வரிசையாப் பார்த்தேன். அரச பலகைகளில் சிங்களம் மேலே, தமிழ் கீழே, அதுவும் எழுத்துப் பிழையோட. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் 'தமிழும்' அரச கரும மொழி என்றது. அந்த 'உம்'தான் இரண்டாவது வரியில நிக்குது போல!

ஆனா என்னை உறுத்தினது வேற. அம்மாயி வாயில எப்பவும் வருவது மேக்கணக்கு, பணியக்கணக்கு. பலகையில இருப்பது அப்பர் டிவிஷன், லோவர் டிவிஷன், இங்கிலீஷ்ல. வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசு கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. எத்தனை தடவை பெயிண்ட் அடித்திருப்பார்கள்? நம்ம சனம் வச்ச பெயர் ஒரு படத்திலயும் இல்லை. அதைத் தேடித்தான் எடுத்துக்கிட்டே இருந்தேனோ என்னவோ.

காலையில ஒரு படத்தை அம்மாயிகிட்ட நீட்டினேன். "இது எந்த ஊருடா?"ன்னு கேட்டாங்க.

அவங்க பிறந்த பணியக்கணக்கின் பலகை அது.