எங்கே சேமிப்பது? கர்நாடகத்தின் திறந்த கல்வி வளங்கள்

'திறந்த கல்வி வளங்கள்' என்னும் தொடர் 2002இல் பாரிசில் கூடிய யுனெஸ்கோ மன்றத்தில் பிறந்தது. மறு ஆண்டே ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. அவ்விரிவுரைகளைக் கேட்டுப் பயனடையலாம். ஆனால், காணொளியின் நடுவே வரும் ஓர் எடுத்துக்காட்டைத் தம் வகுப்புக்கேற்ப மாற்றுவது ஆசிரியர்க்கு எளிதன்று.

பள்ளி ஆசிரியர்க்காகக் கர்நாடக அரசின் கல்வி ஆராய்ச்சி பயிற்சித் துறையும் பெங்களூரின் ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பும் உருவாக்கிய கேஓஇஆர் தளம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளையே தேர்ந்தது. அத்தளத்தின் வரலாற்றில் முதன்மையான முடிவு இதுவே என்பது என் கருத்து. பாடத்தை ஆசிரியரே திருத்தலாம். பழைய வடிவமும் திருத்தியவர் பெயரும் அழியா.

2013 ஆகஸ்டில் வந்த நடுவணரசின் என்ஆர்ஓஇஆர், பெயர் சுட்டி அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஏற்றது. (உரிமக் குறிப்பற்ற பிடிஎஃப் பூட்டிய அலமாரிதான்.)

கேஓஇஆர் பாடங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. ஜோகுபாளையத்துத் தமிழ் மாணவர்க்கு எழுதும் பாடத்தை எங்கே வைப்பது? தமிழ் விக்கிநூல்களைச் சொல்வேன். மென்பொருள் ஒன்றே, பக்கங்களை ஏற்றுமதி செய்து நாளை வேறிடத்துக்கும் கொண்டுசெல்லலாம்.