கேமராவுக்குக் கால் முளைத்த கதை: செர்கேய் உருசெவ்ஸ்கி

ஒரு படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? நாயகன், நாயகி, பாட்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இயக்குனரைப் பற்றிப் பேசுவார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவரை அநேகமாக யாரும் நினைப்பதில்லை. அப்படி மறக்கப்பட்ட ஒருவர், இறந்து ஏறக்குறைய இருபது வருடங்கள் கழித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அவர்தான் செர்கேய் உருசெவ்ஸ்கி.

1908ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். முதலில் சினிமாக்காரர் அல்ல, ஓவியர். மரத்தில் செதுக்கி அச்சிடும் ஓவியக்கலையில் பெயர் பெற்ற விளாதிமிர் ஃபவோர்ஸ்கியிடம் மாஸ்கோவில் படித்தார். இரண்டாம் உலகப்போர் வந்ததும் போர்முனைக்குப் போய்ப் படம் பிடித்தார். குண்டு விழும் இடத்தில் ஸ்டாண்ட் போட்டு, விளக்கு வைத்து, நிதானமாகப் படமெடுக்க முடியுமா? கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இந்த ஓட்டம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

போருக்குப் பிறகு மார்க் தொன்ஸ்கோய், புதோவ்கின், ரைஸ்மன் போன்ற பெரிய இயக்குனர்களிடம் வேலை பார்த்தார். 1948லும் 1952லும் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ஆனால் அது கலைஞர்களுக்குக் கை கட்டப்பட்ட காலம். வருடத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் படங்கள் வந்தன. சொல்லும் கருத்து முக்கியம், அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில் அக்கறை காட்டினால் 'வடிவவாதம்' என்ற குற்றச்சாட்டு வரும். அந்த நாட்டில் அது சாதாரண விமர்சனம் அல்ல, வேலைக்கே உலை வைக்கும்.

1953ல் ஸ்டாலின் இறந்தார். கட்டு கொஞ்சம் தளர்ந்தது. 1956ல் சுக்ராய் இயக்கிய 'நாற்பத்தியொன்றாவது' படத்தில் பாலைவன மணலையும் கடலையும் வண்ணத்தில் ஓவியம் போலத் தீட்டினார் உருசெவ்ஸ்கி. ஆனால் அவருக்குச் சரியான ஜோடி மிகயில் கலத்தோசொவ்தான். அவரும் கேமராமேனாக இருந்து இயக்குனர் ஆனவர். 1930களின் தொடக்கத்தில் வடிவவாதப் பழியைச் சுமந்தவர். பட்டவருக்குத்தானே இன்னொருவரின் தவிப்பு புரியும்!

இருவரும் சேர்ந்து எடுத்த 'நாரைகள் பறக்கின்றன' 1957ல் வந்தது. காதலன் போருக்குப் போகிறான். வழியனுப்ப வெரோனிகா ஓடி வருகிறாள். பேருந்துக்குள் அவள் அருகிலேயே இருக்கும் கேமரா, அவளோடு கீழே இறங்கி, கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்து, அப்படியே கிரேனில் ஏறி மேலே போகிறது. கீழே டாங்கிகளுக்கு நடுவே அவள் ஒரு சின்னப் புள்ளியாக ஓடுகிறாள். வெட்டே இல்லாத ஒரே ஷாட். பெரிய போரில் ஒரு தனி மனுஷியின் துக்கம் எவ்வளவு சிறியது, எவ்வளவு பெரியது என்று வசனம் இல்லாமலே சொல்லிவிடுகிறது. காதலன் குண்டடிபட்டு விழும்போது பிர்ச் மரங்கள் சுழல்வதும் அப்படித்தான். சாகிறவனின் கண்ணாகவே கேமரா மாறிவிடுகிறது. 1958ல் கான் விழாவில் தங்கப் பனை விருது கிடைத்தது. சோவியத் நாடு பெற்ற ஒரே தங்கப் பனை அதுதான்.

அடுத்து சைபீரியக் காட்டில் வைரம் தேடிப் போகிறவர்களைப் பற்றிய 'அனுப்பப்படாத கடிதம்'. அதன் பிறகுதான் 'நான் கியூபா'.

புரட்சி முடிந்த கியூபாவைப் பற்றி ஒரு பிரச்சாரப் படம் வேண்டும் என்பதுதான் திட்டம். 1963ல் படப்பிடிப்பு தொடங்கியது. உருசெவ்ஸ்கி அகச்சிவப்பு பிலிமைப் பயன்படுத்தினார். பனைமரமும் கரும்புத் தோட்டமும் வெள்ளி போல மின்னின. ஒரு மாணவனின் இறுதி ஊர்வலக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். தெருவில் தொடங்கும் கேமரா மாடி மாடியாக ஏறி, எதிரே உள்ள கட்டடத்தில் சுருட்டுத் தொழிற்சாலைக்குள் நுழைந்து, தொழிலாளிகளைக் கடந்து, ஜன்னல் வழியே வெளியேறி, ஊர்வலத்தின் மேல் அந்தரத்தில் மிதந்து போகிறது. கம்ப்யூட்டர் வித்தை எதுவும் இல்லை. கேமராவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி, கடைசியில் தெருவுக்கு மேலே கட்டிய கம்பியில் மாட்டி விட்டார்கள்!

பலன்? 1964ல் படம் வந்தபோது இரண்டு பக்கமும் அடி. கியூபாக்காரர்கள் "இது எங்கள் நாடே இல்லை" என்றார்கள். மாஸ்கோவிலும் வரவேற்பு இல்லை. படம் பெட்டிக்குள் போய்விட்டது. கியூபாக்காரர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஏழை விவசாயி தன் கரும்புக்குத் தானே தீ வைக்கும் காட்சியில் நம் கண் அவன் முகத்தில் நிற்காமல் நெருப்பின் அழகில் நின்றுவிடுகிறது. 'நாரைகள்' படத்தில் கேமரா வெரோனிகாவுக்காக ஓடியது. இங்கே சில இடங்களில் தனக்காகவே ஓடுகிறது.

அந்தக் கூட்டணி அதோடு முடிந்தது. உருசெவ்ஸ்கி தானே இயக்குனர் ஆனார். முதல் படம் 1968ல் எடுத்த 'பெருநடைக் குதிரையின் ஓட்டம்'. சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'குல்சாரி' கதைதான் அது. சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு கிழவன் தனபாயும் அவனது குதிரையும் அந்நியர்கள் அல்ல. உண்மையாக உழைத்தவனையே கட்சி வெளியே தள்ளிய கதை. 1971ல் கவிஞர் யெசெனினைப் பற்றி 'பாடு உன் பாடலை, கவிஞனே'. இரண்டிலுமே கதையைவிடக் காட்சிதான் முன்னால் நின்றது. மூன்றாவது படம் எடுக்கக் காலம் இடம் கொடுக்கவில்லை. 1973ல் கலத்தோசொவ் இறந்தார், 1974ல் உருசெவ்ஸ்கியும் போய்விட்டார்.

'நான் கியூபா' 1990களில் அமெரிக்கத் திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டபோது பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1995ல் மார்ட்டின் ஸ்கார்செஸியும் கொப்போலாவும் முன்னின்று அதை வெளியிட்டார்கள். எந்த நாட்டை எதிரி என்று காட்டியதோ, அந்த நாடுதான் அந்தப் படத்தைக் காப்பாற்றியது. அதைக் கேட்க வேண்டியவர்தான் இல்லை.

வெறும் வரவு செலவுக் கணக்குப் பார்த்தால் 'நான் கியூபா' நஷ்டக்கணக்கு. பிரச்சாரம் என்ற அளவிலும் தோல்வி. ஆனால் அது எந்த அரசியலுக்காக எடுக்கப்பட்டதோ அந்த அரசியலே, அந்த நாடே 1991ல் இல்லாமல் போனது. படம் மட்டும் நிற்கிறது. அடுத்த முறை வெட்டே இல்லாத ஒரு நீளமான ஷாட்டைப் பார்த்து வியக்கும்போது, ஹவானா தெருவில் கேமராவைக் கை மாற்றிக் கை மாற்றி மாடிக்கு ஏற்றியவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்...