கை எட்டும் தூரம்

பட்டறையில் கருவிகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று சொல்லித்தரும் கையேடுகளில் ஒரு விதியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: அடிக்கடி எடுப்பது கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யாருடைய கை என்று அவை சொல்வதில்லை. இடையில் வேறு வேலை ஏதும் குறுக்கிடாத ஆணின் கைதான் அங்கே மனதில் கொள்ளப்படுகிறது. இந்த விதியைப் பெண்கள் உழைத்த ஒரு பட்டறையில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு மேற்கே இருக்கும் கிராட்லி ஹீத், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கிலிக்குப் பேர்போன ஊர். கப்பலுக்கான கனத்த சங்கிலிகளை ஆண்கள் தொழிற்சாலைகளில் செய்தார்கள். மெல்லிய சங்கிலிகளைச் செய்தவர்கள் பெண்கள். அவர்களது பட்டறை பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் இருந்த செங்கல் கொட்டகை.

உலை, துருத்தி, அடைகல், சுத்தியல், வெட்டுவாய் மேல்நோக்கி நிற்கும்படி பொருத்திய உளி ஆகியவையே அங்கிருந்த முக்கியமான சாமான்கள். இரும்புக் கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, உளிமேல் வைத்து வெட்டி, முந்தைய வளையத்தில் கோத்து, மறுபடியும் காய்ச்சி, முனைகளை அடித்து ஒட்ட வேண்டும். உலையை விட்டு வெளியே வந்த கணமே இரும்பு ஆறத் தொடங்கும். சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தால் சூடு போய்விடும், அந்த வளையம் வீண். ஆகவே பார்க்காமலே கை போய்ச் சேரும் இடத்தில்தான் ஒவ்வொரு கருவியும் இருந்தாக வேண்டும்.

கைக்குழந்தைகளைப் பட்டறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பெண்கள் வேலை செய்ததை 1897இல் வெளியான ராபர்ட் ஷெரார்டின் நூல் பதிவு செய்கிறது. அப்படியானால் பொறி தெறிக்காத தூரம், அழுகை கேட்கும் தூரம் என்று இன்னும் இரண்டு அளவுகள் அந்தப் பட்டறையின் ஒழுங்குக்குள் இருந்திருக்க வேண்டும். கையேடுகளில் நான் காணாத அளவுகள் இவை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே பட்டறை இருப்பது பெண்ணுக்கு வசதி என்று சொல்லப்பட்டது. உண்மையில் அது முதலாளிக்குத்தான் வசதி. இடைத்தரகர் கம்பியைக் கொடுத்துவிட்டுச் சங்கிலியாக வாங்கிப்போவார். கொடுத்த கூலியிலிருந்தே உலைக்கான எரிபொருள், கருவிகளின் தேய்மானம் போன்ற செலவுகளைப் பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுப்படியிலிருந்து பத்தடி தள்ளி நடக்கும் வேலையைத் தொழில் என்று கணக்கில் எடுப்பார் யார்? குடும்பத்துக்கு அது ஒரு சில்லறை வருமானம், அவ்வளவுதான் என்றார்கள்.

1909இல் பிரிட்டனில் வந்த தொழில் வாரியச் சட்டம், கூலி மிகக் குறைவாக இருந்த நான்கு தொழில்களைத் தேர்ந்தெடுத்தது. சங்கிலித் தொழில் அவற்றில் ஒன்று. பெண்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று வாரியம் நிர்ணயித்தது. பலருக்கு அது ஏறக்குறைய இரட்டிப்புக் கூலி. முதலாளிகளோ, ஆறு மாதத்துக்கு அந்தக் கூலி வேண்டாம் என்று எழுதிய தாள்களில் பெண்களிடம் ஒப்பம் வாங்கினார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பலர், என்னவென்று அறியாமலே ஒப்பமிட்டார்கள். 1910 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான பெண்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் மேரி மெக்கார்தர் அவர்களுடைய போராட்டத்தைப் பத்திரிகைகளுக்கும் செய்திப்படத்துக்கும் கொண்டுசென்றார். பத்து வாரங்களில் முதலாளிகள் பணிந்தார்கள். போராட்ட நிதியில் மீந்த பணம், ஊரில் தொழிலாளர் மன்றக் கட்டடமாக எழுந்தது.

தொழில்களைப் பட்டியலிட்டுக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் இதே முறையில்தான் இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் அமைந்தது. அதன் பட்டியலில் பீடித் தொழிலும் இருந்தது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. இலையும் தூளும் கடையிலிருந்து வரும். கத்தரியும் முறமும் உட்கார இடமும் அவர்களுடையவை.

பெண்ணுழைப்பின் வரலாற்றை எழுத, கூலிப் பதிவேடு மட்டும் போதாது என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் செய்த வேலை பல நேரங்களில் பதிவேட்டுக்கே வருவதில்லை. கருவியிடமும் கேட்க வேண்டும்: உன்னை யார் காசு கொடுத்து வாங்கியது, தேய்ந்தால் யார் செலவு, எங்கே வைத்தார்கள், உனக்குப் பக்கத்தில் வேறு என்ன இருந்தது?