நீலப் புகையும் ஒரு ஏக்கரா மேட்டாங்காடும்

போன வாரம் மச்சினன் மகன் வந்து, டிராக்டர் நீலமா புகையுது, இன்ஜினை முழுசா இறக்கணும்னு கடையில சொல்லிட்டாங்க மாமான்னு நின்னான். "காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் புகையுதா, உழவு ஓட்டறப்பவும் புகையுதா?"ன்னு கேட்டேன். முழிச்சான். இதே கேள்வியை 1987ல எங்க ஐயன்கிட்ட யாராவது கேட்டிருந்தா, ஒரு ஏக்கரா மேட்டாங்காடு இன்னும் எங்க கையில இருந்திருக்கும்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் ஏன் இத்தனை லாரின்னு டவுன் சனங்க கேப்பீங்க. வானம் பார்த்த பூமிங்க. கடலையும் சோளமும் கைவிட்ட வருஷங்கள்ல, பங்காளிக மூணு பேரு நாலு பேரு சேர்ந்து ஒரு வண்டி வாங்குவாங்க. ஐயனும் அப்படித்தான், இரண்டு பங்காளிகளோட கூட்டா ஒரு பழைய டாடா 1210 எடுத்தாரு. பன்னண்டாவது முடிச்ச நான் அதுல கிளீனர்.

அந்த வண்டிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1954ல டாடாவின் டெல்கோ கம்பெனி, ஜெர்மனியோட டைம்லர்-பென்ஸ்கூட 15 வருஷ ஒப்பந்தம் போட்டது. ஜாம்ஷெட்பூர்ல இருந்து வந்த லாரி மூக்குல பென்ஸ் நட்சத்திரமே இருந்துச்சு. 1969ல ஒப்பந்தம் முடிஞ்சு நட்சத்திரம் போய், 'டி' எழுத்து வந்தது. ஆனாலும் எங்க பக்கத்துப் பெரிய டிரைவர்க 'டாடா பென்ஸ்'னுதான் சொல்லுவாங்க. எண்ணூர்ல ஆஸ்டின் கார் பூட்டறதுக்காக 1948ல தொடங்கின அசோக் மோட்டார்ஸ், 1955ல அசோக் லேலண்ட் ஆச்சு. லேலண்ட்காரனும் டாடாகாரனும் டீக்கடையில போட்ட சண்டை தனிக் கதை.

எங்க வண்டி நீலமா புகைய ஆரம்பிச்சது. ரிங், லைனர் எல்லாம் போச்சு, முழு வேலைதான்னு ஒரு பட்டறையில சொன்னாங்க. மேட்டாங்காட்டை அடமானம் வெச்சு வேலை முடிச்சோம். மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணா, மறுபடி அதே நீலம். ஐயன் ஒரு வார்த்தை பேசலை. துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நடந்து போயிட்டாரு.

அப்புறம்தான் ஒரு கிழட்டு மேஸ்திரி வந்து பார்த்தாரு. ஓடற இன்ஜின்ல ஆயில் மூடியைத் திறந்து, மேல கையை வெச்சாரு. ரிங் போயிருந்தா காத்து புசுபுசுன்னு அடிக்கும், பாரம் இழுக்கறப்பவெல்லாம் புகையும். ராத்திரி நின்ன வண்டி காலையில மட்டும் புகைஞ்சு அடங்குச்சுன்னா, வால்வு சீல். ராக்கருக்கு வர்ற ஆயில், வால்வுத் தண்டு வழியா கைடுக்குள்ள இறங்காம தடுக்கற சின்ன ரப்பர் குல்லா அது. சூட்டுல வெந்து இறுகிப்போனா, ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டா எறங்கும். பட்டறைக்காரங்க லைனர் மாத்தினாங்க. ஹெட்டைத் துடைச்சு, பழைய சீலோடயே பூட்டிட்டாங்க.

மேஸ்திரி ஹெட்டைக்கூட இறக்கலை. ராக்கரைக் கழட்டினாரு. தள்ளுகம்பி ஓட்டைகள்ல பழைய வேட்டித்துணி திணிக்கச் சொன்னாரு. வால்வு லாக்கு ஒண்ணு உள்ள விழுந்தா சம்ப்பைத்தான் கழட்டணும். பிஸ்டனை மேல கொண்டுவந்து நிறுத்தினா, ஸ்பிரிங்கை எடுத்தாலும் வால்வு உள்ள விழாது, பிஸ்டன் தலையில உக்காந்துக்கும். ஆறு சிலிண்டர்ல ஒண்ணும் ஆறும், ரெண்டும் அஞ்சும், மூணும் நாலும் ஜோடியா மேல வரும். அதனால மூணே தடவை நிறுத்தினா பன்னண்டு வால்வும் முடிஞ்சது. ஸ்பிரிங்கை அமுக்கி, லாக்கை எடுத்து, பழைய சீலைப் பிடுங்கினோம். காஞ்ச புளியங்கொட்டையாட்ட இருந்துச்சு, நகத்துல அமுக்கினா உடையுது. புதுசுக்கு ஆயில் தடவி, குழாய் வெச்சு மெல்லத் தட்டி உக்கார வெச்சோம். டேப்பட் செட் பண்ணி முடிக்கறப்ப பொழுது சாஞ்சிருச்சு.

மறுநாள் புகை இல்லை. சீல் பன்னண்டும் சேர்ந்து ஒரு டயர் விலைகூட வரலை. சூடு தாங்கற வைட்டான் ரப்பரை டுபான்ட் கம்பெனி 1957லயே கொண்டுவந்திருச்சுன்னு நான் பிற்காலத்துல படிச்சேன். எங்களுக்கு அன்னிக்குக் கிடைச்சது சாதா கறுப்பு ரப்பர்தான்.

அடமானக் காட்டை மீட்க முடியலை. வட்டி ஏறி, கிரயம் பண்ணிக் குடுத்துட்டோம். இப்ப அங்க வீட்டு மனைக் கல்லு நட்டிருக்காங்க.

மச்சினன் மகனோட டிராக்டர்ல ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். காத்து அடிக்கலை. ஞாயித்துக்கிழமை டேப்பட் கவரைக் கழட்டறோம்.