கடலும் வானும்: கோணமலைக் கடலில் ஆதர் கிளார்க்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து செல்வோர் காணும் கடலோர ஊர் இறக்கக்கண்டி. ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். வள்ளமும் வலையுமே அங்குள்ளோர் பலரின் வாழ்வு. தென்கிழக்கே கடலில் புறாமலைத் தீவு தோன்றும். அதனைச் சூழ்ந்த பவளப் பாறைகள் எங்குள்ளன, நீரோட்டம் எத்திசையில் இழுக்கும், காற்று எப்பொழுது மாறும் என்பவை அம்மீனவர் வழிவழியாக அறிந்த செய்திகள். அவர்தம் நாளாந்த வாழ்வுக்குரிய இக்கடலை நாடிப் பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒருவர் வந்தார். அவர் நாடி வந்தது மீனையன்று, முத்தையுமன்று. விண்வெளியில் மனிதன் உணரவிருக்கும் நிலையை நீரினுள் உணர விரும்பியே அவர் வந்தார். அவரே ஆதர் சி. கிளார்க்.

புதுமை காண்போர் பிறப்பிலேயே வேறுபட்டவர் என்று கருதுவது உலக வழக்கு. கிளார்க்கின் வரலாறு அக்கருத்தைத் திருத்துகின்றது. 1917ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பல்கலைக்கழகம் செல்லப் பொருளின்மையால், ஆசிரியர் ஓய்வூதியக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அரசாங்க எழுதுவினைஞரானார். ஆயினும் சிறுவனாயிருந்த காலத்திலேயே தொலைநோக்கி ஒன்றைத் தாமே அமைத்து நிலவின் முகத்தை வரைந்தவர் அவர். பகலில் கணக்கேடு, இரவில் வான்வெளி என்றவாறு அவர் காலம் சென்றது. விண்வெளிப் பயணம் பற்றிப் பேசுவோரை உலகம் எள்ளி நகையாடிய அந்நாளில், 1934இல், பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தில் உறுப்பினரானார்.

இரண்டாம் உலகப் போர் அவரை விமானப் படையில் சேர்த்தது. பனிமூட்டத்தில் விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்க உதவும் ராடர் கருவியில் அவர் பணிபுரிந்தார். வானொலி அலையின் இயல்பை நூலறிவாக மாத்திரமன்றிக் கையறிவாகவும் அவர் அங்கே கற்றார். இவ்வறிவும் இளமையின் வான்வேட்கையும் ஒருங்கு சேர்ந்தபொழுது ஒரு வினா எழுந்தது.

அவ்வினாவின் தன்மையை வானொலி நேயர் எளிதில் உணர்வர். சிற்றலை ஒலிபரப்பு வானின் மின்மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்வது. அம்மண்டலம் மாறும்போதெல்லாம் ஒலி தேய்ந்தும் கரகரத்தும் போகும். தொலைக்காட்சிக்கு வேண்டிய நுண்ணலையோ நேர்கோட்டிற் செல்வதாகலின் அடிவானத்துக்கு அப்பால் எட்டாது. உயர்ந்த கோபுரம் கட்டினால் சற்றுத் தூரம் செல்லும். கோபுரத்தை எவ்வளவுதான் உயர்த்த முடியும்?

கிளார்க் கணக்கிட்டார். பூமிக்கு மிக அருகே சுற்றும் பொருள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். தொலைவிலுள்ள நிலவு ஏறத்தாழ இருபத்தேழு நாள் எடுக்கும். எனவே, இடையே ஓர் உயரத்தில், பூமி தன்னைத்தான் சுற்றும் அதே ஒரு நாளில் சுற்றி முடிக்கும் நிலை இருத்தல் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரமே அது. ஆங்கு நிறுத்திய நிலையம் நிலத்திலுள்ளார்க்கு அசையாது நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் இருப்பின் உலகின் பெரும்பகுதியை அலைகளால் இணைக்கலாம். 1945ஆம் ஆண்டு அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் இக்கருத்து வெளிவந்தபொழுது அவருக்கு வயது இருபத்தேழு.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. அவ்வுயரத்து நிலையைப் பற்றி ஹெர்மன் பொட்டோச்னிக் என்பார் 1928ஆம் ஆண்டின் நூலிலேயே எழுதியிருந்தார். கிளார்க் செய்தது, அதனை உலகளாவிய ஒலி, ஒளிபரப்புக்குரிய ஒழுங்காக இயைத்துக் காட்டியமை. தனித்தனியே கிடந்த இரண்டு அறிவுகளை ஒன்றாக முடிந்து காட்டுவதே படைப்பாற்றல் எனப் பெரும்பாலும் போற்றப்படுகின்றது. அவர் கற்பனை ஓரிடத்தில் வழுவியதும் உண்டு. வெற்றிடக் குழாய்கள் பழுதாகும், அவற்றை மாற்ற மனிதர் மேலே தங்கியிருக்க வேண்டும் என அவர் எண்ணினார். 1947இல் டிரான்சிஸ்டர் தோன்றி அத்தேவையை நீக்கியது. ஹரோல்ட் ரோசன் முதலிய பொறியியலாளர் அமெரிக்காவில் உழைத்து, 1963இல் சின்கொம் 2 செய்மதியை வானில் இயக்கினர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் சின்கொம் 3 வழியாகக் கடல் கடந்தன. கருத்துரைத்தவர் கிளார்க், கருவி சமைத்தவர் பிறர். காப்புரிமை பெறாமற் பெருஞ்செல்வத்தை இழந்ததாகத் தம்மைத் தாமே நகையாடி எழுதினாரேயன்றி அவர் எவரையும் வெறுத்தாரல்லர்.

வானை நாடிய இம்மனிதர் கடலுக்கு வந்தது ஏன்? விண்வெளிக்குத் தாம் செல்லும் வாய்ப்பு அரிது என்பதை அவர் அறிவார். நீரினுள் மூழ்கியவன் எடையற்றவன்போல் மிதப்பான். எட்டாத ஒன்றை எண்ணி ஏங்கி நில்லாது, எட்டுவதில் அதன் சாயலைத் தேடும் மனப்பாங்கு இது. 1954 டிசம்பரில் ஆஸ்திரேலியா செல்லும் வழியில் அவர் கப்பல் கொழும்பில் நின்றபொழுது, இலங்கைச் சுழியோடி ரொட்னி ஜொங்கிளாஸ் இந்நாட்டுக் கடலின் சிறப்பை அவருக்குக் கூறினார். 1956இல் நண்பர் மைக் வில்சனுடன் கிளார்க் இலங்கையை வந்தடைந்தார்.

அவ்வாண்டிலேயே கோணமாமலையின் அடியில் அவர்கள் சுழியோடினர். பழைய கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தனர், அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன, எஞ்சியவை கடலில் வீழ்ந்தன என்பதை ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்தனர். செதுக்கிய தூண்களும் கட்டடக் கற்களும் பாறையடியிற் கிடப்பதைச் சுழியோடிகள் கண்டனர். 1957இல் வெளிவந்த ‘தப்ரபேனின் கடற்பாறைகள்’ என்னும் பொருள்படும் நூலில் கிளார்க் அதனை எழுதினார். செவிவழிச் செய்தி கண்வழிச் சான்றாயிற்று. எனினும், மக்கள் அந்நினைவைப் போற்றாதிருந்தால், எப்பாறையடியிற் பார்ப்பது என்பதைச் சுழியோடிகளுக்கு யார் கூறியிருப்பார்? மலைமேல் மீண்டெழுந்த ஆலயத்திற்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இன்பத்தோடு இடரும் வந்தது. 1962இல் நேர்ந்த ஒரு விபத்தின் பின் அவர் உடல் செயலிழந்தது. பிற்காலத்தில் நடையும் அரிதாயிற்று. எழுத்து நிற்கவில்லை. 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனப் பொறியியலாளர் கொழும்பில் அவர் இல்லத்தில் வாங்கலை அமைத்து, இந்தியக் கிராமங்களுக்கெனச் செய்மதி வழி வந்த கல்வி நிகழ்ச்சிகளைக் காணச் செய்தனர். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது 1979இல். முப்பதாண்டுக்கு முன் தாளில் எழுதிய கணக்கு இவ்வாறு அவர் வீட்டு முற்றத்தில் வந்திறங்கியது. 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராய் விளங்கிய அவர், 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமானார்.

திருகோணமலை மண்ணில் பிற்காலத்தில் ஜெர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் ஒன்று இயங்கியதும், செய்மதி வழி வந்த நிகழ்ச்சிகளை அது சிற்றலையில் மறுபடி பரப்பியதும், 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டதும் நேயர் நினைவில் இருக்கும். அவர் கணக்கின் பயன் அவர் மூழ்கிய கடலின் கரைக்கே வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றில் மூன்று பண்புகள் புலனாகின்றன. வினாவை விடாது பற்றும் வேட்கை ஒன்று. தொலைவிலுள்ள இரு பொருள்களை இணைக்கும் கற்பனை மற்றொன்று. வறுமையும் நோயும் ஏளனமும் வந்தபொழுதும் பணியைத் தொடரும் உளத்திண்மை மூன்றாவது. இவற்றுள் எதுவும் ஒரு நாட்டினர்க்கோ செல்வர்க்கோ மாத்திரம் உரியதன்று. இறக்கக்கண்டிக் கரையில் வலையிழுக்கும் தந்தையிடம், ‘நீரோட்டம் ஏன் திசை மாறுகிறது?’ என்று கேட்கும் சிறுவனிடத்தும் அம்முதற் பண்பு உண்டு. அவனை ‘வாயை மூடு’ என்று அடக்குவதா, ‘வா, பார்ப்போம்’ என்று வள்ளத்தில் ஏற்றிக்கொள்வதா என்பதைத் தீர்மானிப்பவர் பெற்றோரும் ஆசிரியருமே.